மோன்டே கசினோவில் அப்பாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அப்பா இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேவை செய்து ஓய்வு பெற்றவர். வத்திக்கானைப் பார்த்தாயிற்று, ஆனாலும் அவர் மனமெல்லாம் இத்தாலியின் பழைய போர்க்களமான மோன்டே கசினோவில்தான். முழங்கால் வலியோடு, இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாமல், 520 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் மடத்துக்கு அவர் போய் வந்தார் என்றால் அது உங்கள் தயவு.

ரோமில் இருக்கும் மலையாளச் சகோதரிக்கு முதல் நன்றி. எந்த ரயில், பஸ் டிக்கெட் எந்தக் கடையில் கிடைக்கும், கோயிலுக்குள் போக எப்படி உடுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பினார். அந்த பஸ் வரவே இல்லை என்பது வேறு கதை.

அதனால்தான் டாக்சிக்கார அண்ணன் கிடைத்தார். வளைவுக்கு வளைவு அப்பாவுக்குத் தலை சுற்ற, வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தார். மீட்டரையும் நிறுத்திவிட்டார்!

அப்புறம் மடத்துத் துறவி. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) கி.பி. 529 வாக்கில் தொடங்கிய மடம் அது. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அதைத் தரைமட்டமாக்கின. உள்ளே ஜெர்மன் படை இல்லை. அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள்தான் மாண்டார்கள். குண்டு வீசச் சொல்லி வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் 4வது இந்திய டிவிஷனின் தளபதி டக்கர். மதராஸ் சாப்பர்கள் இருந்த டிவிஷன் அது. தாம் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று அங்கே சொல்லவே அப்பா தயங்கினார். சொன்னதும் துறவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரிய படிக்கட்டு வேண்டாம் என்று பக்கவழியாக அழைத்துப்போய், ஆசீர்வாதப்பரும் அவர் சகோதரி ஸ்கொலாஸ்திகாவும் அடங்கிய கல்லறை முன்னால் உட்கார வைத்தார். பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டிய கோயிலை 1964இல் போப் ஆறாம் பவுல் அபிஷேகம் செய்தாராம். பளிங்கும் பொன்னும் எனக்குக் கொஞ்சம் புதுசாகத்தான் தெரிந்தன. குண்டுவீச்சில் தப்பிய நிலவறை மண்டபம்தான் மனதில் நிற்கிறது.

கீழே காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவருக்கும் நன்றி. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே. வெயிலில் தேடி அலைய விடாமல், பெயர்ப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்து இந்திய வீரர்கள் இருக்கும் பக்கம் காட்டினார். அப்பா ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உடன் நின்றார்.

திரும்பும்போது மிஞ்ஞானோ என்ற ஊர் வழியாகப் போக முடியுமா என்று டாக்சி அண்ணனைக் கேட்டோம். அங்கேதான் 1944 பிப்ரவரி 24 அன்று, காலடியில் கண்ணிவெடி கிளம்பியதும் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து உயிர் விட்டார், மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் இறந்தபின் வந்தது. சாப்பர்ஸில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா கேட்டு வளர்ந்த பெயர். கைப்பேசி மொழிபெயர்ப்பில் இதைக் கேட்ட அண்ணன், சரி என்று வண்டியைத் திருப்பினார். கூடுதல் காசு நீட்டியபோது வாங்கவில்லை.

அண்ணனுக்கும் துறவிக்கும் படங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். தோட்டத்துப் பெரியவரின் முகவரியை வாங்காமல் வந்துவிட்டதால், அவருக்கானதையும் துறவியின் உறையிலேயே வைத்திருக்கிறார் அப்பா. சகோதரி, நீங்கள் கேட்ட எலுமிச்சை ஊறுகாய் அடுத்த மாதம் ரோம் வரும் உறவினர் கையில் வரும்.

நன்றியுடன்,
அப்பாவும் மகளும்