மடிக்கணினி பிள்ளையின் பெயரில் வருகிறது, பிள்ளையிடமே இருக்கட்டும்

அரசு மேல்நிலைப் பள்ளி,
பேராவூரணி வட்டாரம், தஞ்சாவூர் மாவட்டம்.
10.07.2019

பிளஸ் 1, பிளஸ் 2 படிக்கும் மாணவ மாணவியரின் பெற்றோருக்கு,

வணக்கம்.

ஜூலை 18, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியில் அரசின் விலையில்லா மடிக்கணினி வழங்கும் விழா நடக்கிறது. அன்று ஆடி 2. முகூர்த்தம் எதுவும் இருக்காது என்பதால் "கல்யாணத்துக்குப் போயிட்டோம் சார்" என்ற பதிலை இந்த முறை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வகுப்பினருக்கும் ஒரே நாளில் கொடுக்கிறோம். பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அப்பா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருந்தால் அம்மா வரலாம். இருவருமே வெளியூர் என்றால் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவோ அம்மாச்சியோ வந்தாலும் சரி. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் ஆதார் நகல் ஒன்றும் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்றும் கொண்டுவாருங்கள்.

அழைப்பு இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்க, அந்த மடிக்கணினி யாருடையது என்ற ஒரே விஷயத்தைப் பற்றியது.

பிளஸ் 1 சேர்ந்ததும் அரசு சைக்கிள் கொடுக்கிறது. பல பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். சில வீடுகளில் மட்டும் ஆறே மாதத்தில் அது பால் கேன் கட்டும் சைக்கிளாகி, பிள்ளை மறுபடி டவுன் பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறது. சைக்கிளாவது இரும்பு, ஆளுக்கு ஆள் மாறினாலும் பத்து வருடம் ஓடும். மடிக்கணினி அப்படி வீட்டுப் பொதுச் சாமானாகிவிட்டால் ஒரு வருடம் தாங்காது. தாங்கினாலும் பிள்ளைக்கு ஆகாது.

முன்பு நம் பள்ளியில் வணிகவியல் பிரிவில் படித்த ஒரு மாணவி. மடிக்கணினி வாங்கிய மூன்றாம் வாரமே அவள் அண்ணன் அதைச் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டான். வேலை தேடுகிறான், அவனுக்கு அவசரம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வகுப்பில் டீச்சர் கேட்கும்போதெல்லாம் "சார்ஜ் இல்ல டீச்சர்" என்று சொல்லியே ஒரு பருவத்தை ஓட்டிவிட்டாள். வீட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பதினேழு வயதுக்கு இருந்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்தது, மடிக்கணினி திரும்பி வரவில்லை.

இப்படிப் போவதில் பெரும்பாலும் மகள்களின் மடிக்கணினிதான் போகிறது. மகனுடையதை எடுத்து மகளுக்குக் கொடுத்த வீட்டை இதுவரை நான் கண்டதில்லை.

அடுத்தது பணக் கஷ்டம். போன நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் இந்த வட்டாரத்துத் தென்னை எப்படிப் போனது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது வைத்த கன்று பாளை விட ஐந்தாறு வருடமாவது ஆகும். ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை, கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. கையில் காசு புரளாத இந்த நேரத்தில் புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் கண் அதன் மேல் போகத்தான் செய்யும். எனக்கு அது புரியாமல் இல்லை. அந்த எண்ணம் வந்தால் கடைக்குப் போகும் முன் ஒரு தரம் பள்ளிக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். தேர்வுக் கட்டணம், கல்லூரி விண்ணப்பக் கட்டணம் போன்றவைதான் நெருக்கடி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி ஏதாவது செய்யலாம், செய்தும் இருக்கிறோம். வட்டிக் கடனை அடைக்கும் அளவுக்கு எங்களிடம் பணம் கிடையாது. ஆனால் மடிக்கணினியை விற்றாலும் அந்தக் கடன் அடையாது. அடகுக்கு நீங்கள் வாங்குவது இரண்டாயிரமோ மூவாயிரமோ.

பக்கத்து ஊரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ஒரு பையன் மடிக்கணினி ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மேல்மூடியில் இருந்த அரசு முத்திரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். முத்திரை போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளிறித் தெரிந்தது. அதை மறைக்க மேலே ஒட்ட ஒரு நடிகர் படம் தயாராக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை. ஒவ்வொரு மடிக்கணினியின் வரிசை எண்ணும் பிள்ளையின் பெயருக்கு நேராக எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. நாளை அது ஏதாவது வழக்கில் பிடிபட்டால் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

"சும்மா வந்த பொருள்தானே" என்று சிலர் சொல்வதும் என் காதில் விழுகிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் இது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. இப்படித் தேர்தலில் வாக்குறுதி தந்து கொடுப்பது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் வழக்கு தள்ளுபடி ஆனது. எந்தக் கட்சி கொடுத்தது என்பது என் வேலை இல்லை. தீப்பெட்டி முதல் டீசல் வரை நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றிலும் கட்டும் வரியில் வாங்கியது இது. உங்கள் காசில் உங்கள் பிள்ளைக்கு வருகிறது.

இனி, இதை வைத்து என்ன படிக்கப் போகிறார்கள் என்பது.

பாடத்திட்டம் மாறிவிட்டது. போன வருடம் பிளஸ் 1க்கும் இந்த வருடம் பிளஸ் 2க்கும் புதுப் புத்தகம். பக்கங்களில் சின்னச் சின்னக் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கியூஆர் கோடு என்பார்கள். தீக்ஷா செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். அதற்கு இணையம் வேண்டும், நம் ஊர்களில் பல தெருக்களில் சிக்னலே கிடையாது. ஆகவே பள்ளியிலேயே அந்த வீடியோக்களையும் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளையும் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களையும் எல்லா மடிக்கணினியிலும் ஏற்றித் தருகிறோம். வீட்டில் நெட் கார்டு போட வேண்டிய அவசியம் இல்லை. "படிப்புக்கு மாசம் இவ்வளவு ரீசார்ஜ் வேணும்" என்று பிள்ளை கேட்டால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கணினி அறிவியல் பிள்ளைகளுக்கு பிளஸ் 1இல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2இல் பைத்தான். இரண்டும் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் நிரல் மொழிகள். இவை எழுதிப் பார்த்து, தப்பு வந்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டியவை. நோட்டில் நான்கு முறை எழுதி மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வேண்டுமானால் வரலாம், பைத்தான் வராது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்காருகிறார்கள். நடுவில் இருப்பவன் தட்டுவான், ஓரத்தில் இருக்கும் இரண்டு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஓரத்தில் உட்காருவது பெரும்பாலும் யார் என்று நான் மறுபடி சொல்ல வேண்டாம். ஆளுக்கொன்று இருந்தால்தான் இது தீரும். வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் பாடமாக வந்திருக்கிறது. பட்டுக்கோட்டையில் ஒரு அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ கணக்கு எழுத ஆள் எடுத்தால் முதலில் கேட்பது டேலி தெரியுமா என்றுதான். எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் தமிழ்99 விசைப்பலகையில் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறோம். தமிழாசிரியர் அதைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொறியியல் கலந்தாய்வு போன வருடத்திலிருந்தே இணையவழி. நீட் விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எல்லாமே அப்படித்தான். பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் அவர்கள் அடித்துக் கொடுத்த சாதிச் சான்றிதழ் எண் தப்பாகிப் போய் அலைந்த குடும்பங்கள் உங்களிலேயே உண்டு. தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அலைச்சல் இல்லை.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டாலே பிள்ளை படித்துவிடும் என்று நான் நம்பவில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு கிராமத்துப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. 2012இல் வந்த ஆய்வு, அதனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் கூடவில்லை என்று சொன்னது. ஆசிரியர்களுக்குச் சரியான பயிற்சி இல்லை, பல பள்ளிகளில் இணையமும் இல்லை. அதனால்தான் நம் பள்ளியில் வாரம் இரண்டு பாடவேளை மடிக்கணினிக்கு என்றே ஒதுக்குகிறோம். செவ்வாய், வெள்ளி மட்டும் கொண்டுவந்தால் போதும். மற்ற நாட்களில் வீட்டிலேயே இருக்கட்டும், புத்தகப் பையே போதுமான கனம்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் ஏற்கெனவே வந்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார், பூட்டியே வச்சிரட்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். பூட்டி வைத்தால் பேட்டரிதான் கெடும். அவர்களின் பயம் என்னவென்று தெரியும், அது வெறும் பயமும் இல்லை. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும். அண்ணன், மாமன் மகன், எதிர்வீட்டுப் பையன் யாருக்கும் தேவையில்லை. கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், இரவு 10 மணிக்கு மூடிவிடட்டும். அதற்கு மேல் நீங்கள் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டாம். யாராவது போட்டோ கேட்டார்கள், மிரட்டினார்கள் என்றால் பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் மடிக்கணினியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் சொல்ல மாட்டாள். இதை மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். பையன்களின் பெற்றோருக்கும் இது பொருந்தும். பப்ஜியும் படமும் என்று விடிய விடியக் கண் சிவந்து வருகிறவர்கள் யார் என்று வகுப்பில் பார்த்தாலே தெரிகிறது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பாயிலும் மெத்தையிலும் வைத்து ஓட்டினால் காற்றுப் போகும் துளை அடைத்துச் சூடாகிவிடும். ஒரு பலகை அல்லது பரீட்சை அட்டை போதும். மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் கீல் உடையும், நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். மிக்ஸி, கிரைண்டர் ஓடும் பிளக்கில் சார்ஜ் போட வேண்டாம். மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும், அப்போதும் வேண்டாம். நொறுக்குத் தீனியோடு உட்கார்ந்தால் கீபோர்டுக்குள் எறும்பு குடிவந்துவிடும். அப்படி ஒன்றை இங்கே பிரித்துப் பார்த்திருக்கிறோம், உள்ளே காராபூந்தி இருந்தது.

பழுது என்றால் வெளிக்கடைக்குப் போகாதீர்கள். உத்தரவாத அட்டை பெட்டிக்குள்ளேயே இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். முந்தைய ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. "இது வேஸ்ட், தூக்கிடறேன்" என்று ஒரு கடைக்காரர் தூக்கியதில் எல்லாமே போய், பிள்ளை செய்து வைத்திருந்த புராஜெக்டும் சேர்ந்து போயிற்று. முதலில் கணினி ஆசிரியரிடம் கொண்டுவாருங்கள். பாட்டு, படம் ஏற்றித் தரும் கடைகளின் பென் டிரைவ் வழியாகத்தான் முக்கால்வாசி வைரஸ் வருகிறது.

சென்ற ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போனவர்களில் சிலருக்கு இன்னும் மடிக்கணினி வரவில்லை. அவர்கள் கேட்பது நியாயம். பெயர்ப் பட்டியலை மேலே அனுப்பியிருக்கிறோம், வந்ததும் தகவல் சொல்வோம். அவர்கள் 18ஆம் தேதி விழாவில் வந்து கேட்பதால் அங்கே எதுவும் நடக்காது. அதற்கு முன் அலுவலகத்தில் என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி தங்கையின் மடிக்கணினியை அவர்களுக்கு மாற்றித் தர முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்கள் வருகிறார்கள். பத்து மணி என்று போட்டிருந்தாலும் தொடங்கப் பதினொன்று ஆகலாம், பேச்சும் கொஞ்சம் நீளும். பந்தல் உண்டு, மோரும் தண்ணீரும் உண்டு. மேடையில் அடையாளத்துக்குச் சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வகுப்பு வாரியாக அறைகளில் கொடுப்போம். பெட்டியை அங்கேயே திறந்து, மடிக்கணினி, சார்ஜர், பை மூன்றும் இருக்கிறதா, திரை ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வரிசை எண்ணை உங்கள் வீட்டு நோட்டிலும் ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கில் மூன்று பேராகப் போக வேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் நேரத்தோடு புறப்படும்படி உங்கள் ஊர்களை முதலில் அழைக்கிறோம்.

இத்துடன் உள்ள சீட்டில் யார் வருகிறீர்கள், பிள்ளைக்கு என்ன உறவு என்று எழுதி 15ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சீட்டின் கீழே, "இந்த மடிக்கணினியை நானே பயன்படுத்துவேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து பிள்ளையுடையது, இரண்டாவது உங்களுடையது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்