அந்தச் சுவருக்கு நீ பூ வைத்தது பற்றி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அமெரிக்காவில், வட கரோலினாவின் ஜாக்சன்வில்லில், பெய்ரூட்டில் செத்த படையினரின் நினைவுச்சுவருக்கு நீ பூ வைத்த படங்களைத் தங்கச்சி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். வேறொரு நாட்டுப் படைக்காரருக்குப் பூ வைத்தது, இயக்கத்துக்குப் போய்ச் செத்த உன் அண்ணாவுக்குச் செய்த துரோகமா என்று கேட்டிருந்தாய். விசர்க் கதை. செத்தவீட்டுக்கு அழைப்பு எதிர்பார்க்கக் கூடாது என்று அம்மம்மா சொல்லுவா. உன்னோடு வேலை செய்கிறவர் தன் தம்பியின் பெயர் இருக்கிற இடத்துக்கு உன்னை அழைத்தேவிட்டார். போகாமல் இருந்தால்தான் பிழை.

லெபனானில் நடந்த அந்தப் பெய்ரூட் கதை கொப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. 1983 ஒக்டோபர் 23, ஞாயிறு விடியல். அமெரிக்க மரைன் படையினர் படுத்திருந்த கட்டடத்துக்குள் வெடிமருந்து லொறி புகுந்தது. செத்த அமெரிக்கப் படையினர் 241 பேர், அதில் 220 பேர் மரைன்கள். எங்களுக்கு அப்போது ஆடிக் கலவரம் முடிந்து மூன்று மாதம். அடிபட்ட சனம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்த நேரம். றேடியோவில் சொன்ன பெய்ரூட் ஒரு காதால் வந்து மறு காதால் போய்விட்டது.

அவர்கள் சமாதானமாக வந்தவர்கள் என்று சுவரில் வெட்டியிருப்பதைத் தங்கச்சி வாசித்ததும் கொப்பா வாய்க்குள் சிரித்தார். 1987இல் எங்களிடமும் அமைதி காக்க இந்தியாவிலிருந்து ஒரு படை வந்ததல்லவா! அந்த நாட்களில் நாங்கள் பட்டது வேறு கதை. ஆனால் அந்தப் படையிலும் ஆயிரம் பேருக்கு மேல் உயிரோடு திரும்பவில்லை. அனுப்பியவர்களோடுதான் எனக்குக் கோபம், செத்த பெடியளோடு இல்லை.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஜாக்சன்வில் ஊர்ச்சனமே காசு சேர்த்து அதைக் கட்டினார்கள் என்று நீ எழுதியது. 1986இல் திறந்தார்களாம். அதற்கு முன்னமே தெரு நெடுக மரம் நட்டிருக்கிறார்கள். அந்தப் பெடியள் அவர்களுடைய கடையில் சாமான் வாங்கியவர்கள், பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். தெரிந்தவர்கள் வைத்தால்தான் அது நினைவுக்கல். கிளிநொச்சியில் குண்டு துளைத்த சீமெந்துக் கட்டியும் மேலே தாமரையும் நிற்கிறதே, அது வென்றவர்கள் தங்களுக்குக் கட்டியது. பஸ்ஸில் போகிற எங்கள் சனம் தலை திருப்பிப் பார்ப்பதில்லை.

கனகபுரம் மாவீரர் துயிலுமில்லத்தில் அண்ணாவின் கல் இப்போது இல்லை என்பது உனக்குத் தெரியும். சண்டை முடிய ஆமி எல்லாவற்றையும் இடித்து உழுதுவிட்டது. 2016இலிருந்து சனம் சிரமதானம் செய்து, கிடைத்த உடைசல்களைக் குவித்து வைத்து, நவம்பர் 27, மாவீரர் நாளில், விளக்குக் கொளுத்துகிறது. எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று இப்போது யாருக்குத் தெரியும்? நான் உத்தேசமாக ஓர் இடத்தில் கொளுத்துகிறேன். பக்கத்தில் நிற்கிற தாயும் அப்படித்தான். நான் அவளுடைய பிள்ளைக்கும் அவள் என்னுடைய பிள்ளைக்கும் கொளுத்துகிறோமோ என்னவோ. ஒருநாள் அவளிடம் அதைச் சொன்னேன். "அதுக்கென்னக்கா, எரிஞ்சால் சரி" என்றாள்.

அவன் இயக்கத்துக்குப் போனது சரியா பிழையா என்று கொப்பாவும் நானும் இன்னும் சண்டை பிடிக்கிறோம். கல் இருந்தால் அதற்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கலாம். மாவீரர் பெற்றோருக்கென்று தந்த தென்னங்கன்று கிணற்றடியில் காய்க்கத் தொடங்கிவிட்டது. முதல் குலையைக் கொப்பா யாரையும் தொட விடவில்லை. அப்புறம் அணில்தான் தின்றது.

மழை தொடங்கிவிட்டது, காலபோகத்துக்கு விதைத்தாயிற்று. உரம் விலையைக் கேட்காதே. காசு இப்போது அனுப்ப வேண்டாம், தை பிறக்கட்டும்.

அடுத்த ஒக்டோபரும் அவரோடு போ. அவருடைய தம்பியின் பெயரை நீ எழுதவில்லையே. கேட்டு அனுப்பு. தமிழில் எழுது, எனக்கு வாசிக்கச் சுகம்.

அன்புடன்,
அம்மா