டிஸ்சார்ஜுக்கு முன் பார்க்க வேண்டிய பேப்பர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ராணுவத்திலிருந்து முன்கூட்டியே டிஸ்சார்ஜ் கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். 15 வருடம் தாண்டிவிட்டதால் பென்ஷனுக்குக் கவலை இல்லை. வேலை, வீட்டுக் கடன் எல்லாம் நேரில் பேசுவோம். வைத்தியச் செலவைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் வந்த பிறகு, பென்ஷனோடு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் அதில் சேர்ந்தாக வேண்டும். 2017 கடைசியில் வந்த உத்தரவுப்படி ஹவில்தார் ரேங்க் வரை சேருவதற்குக் கட்ட வேண்டியது 30,000 ரூபாய், ஒரே தடவைதான். ரேங்கை வைத்துத்தான் தொகை, வயதை வைத்து அல்ல. 38 வயதில் வருகிற உனக்கும் 50 தாண்டி வருகிறவருக்கும் ஒரே கணக்கு. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் ஒதுக்க மாட்டார்கள், செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. தனியார் இன்சூரன்ஸில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் யூனிட்டை விட்டுக் கிளம்புவதற்குள் பேப்பர்களைச் சரி பார்த்துவிடு. என் சர்வீஸ் ரெக்கார்டில் மனைவி பெயரோடு என் பெயரை நீட்டி முழக்கி எழுதிவிட்டார்கள். அவள் ஆதாரில் இருப்பதோ வெறும் இனிஷியல். உள்ளே இருக்கும்போது யூனிட்டிலேயே போடுகிற ஒரு பார்ட் டூ ஆர்டரில் (ரெக்கார்டில் மாற்றத்தைப் பதிகிற உத்தரவு) முடிந்திருக்க வேண்டிய விஷயம். வெளியே வந்தபின் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் அலைந்தேன். அதுவரை அவளுக்குக் கார்டு வரவில்லை. தங்கச்சி பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி, அம்மா பெயர், ஒவ்வொரு எழுத்தாகப் பார். அம்மாவைச் சேர்க்க, பெற்றோர் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான டிஏவும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும், உன்னோடு வசிக்கவும் வேண்டும்.

இசிஹெச்எஸ் பாலிகிளினிக் எப்படி என்று கேட்டிருந்தாய். காலையிலேயே பெரியவர்கள் பிளாஸ்டிக் கவரில் ஃபைலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பொதுவாக அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் சீட்டு கொடுத்தால்தான் வெளி மருத்துவமனையில் பணம் கட்டாமல் பார்க்க முடியும். மருந்து சில மாதம் கிடைக்கும், சில மாதம் இல்லை என்று சீட்டில் எழுதித் தருவார்கள். பில்லுக்குப் பணம் வரத் தாமதமாகிறது என்று நம் கார்டை வாங்கத் தயங்குகிற மருத்துவமனைகளும் உண்டு. எனக்கு இதில் கோபம்தான். ஆனாலும் எங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது நான் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் தங்கச்சிக்கும் சொல்லி வை. அவசரமென்றால் ரெஃபரல் தேவையில்லை, இசிஹெச்எஸ் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேரே போகலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்க்க நேர்ந்தால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பணம் கேட்க முடியும், அதுவும் அரசு நிர்ணயித்த ரேட்டில்தான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அக்னிவீரனாகப் போயிருக்கிறான். நான்கு வருடத்தில் திரும்ப வேண்டி வந்தால் அவனுக்குப் பென்ஷனும் இல்லை, இந்தக் கார்டும் இல்லை. நீலகிரி வெலிங்டனில் ராணுவப் பயிற்சியின்போது நாம் ஓடிய அதே ஓட்டத்தைத்தான் அவர்களும் ஓடுகிறார்கள். முழங்கால் தேய்வதற்கு நான்கு வருடம் போதாதா? அவன் அப்பா கேட்கும்போது எனக்குப் பதில் வரவில்லை.

சரி, லீவில் வரும்போது சர்வீஸ் ரெக்கார்ட் நகலை எடுத்து வா. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்