குவாங்சோ ஸ்டேஷன் அக்காவுக்கு

போன அக்டோபரில் சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஷென்ஜென் நகருக்கு ரயிலில் கிளம்பினேன். டிக்கெட்டில் 'குவாங்சோ தெற்கு' என்றிருந்ததைக் கவனிக்காமல், நகருக்குள் இருக்கும் பழைய குவாங்சோ ஸ்டேஷனில் போய் நின்றேன். எழும்பூர் போகவேண்டியவன் சென்ட்ரலில் நின்ற கதைதான். என்ன, இங்கே நடுவில் முக்கால் மணி நேர மெட்ரோ. கூகுள் மேப்பை நம்ப முடியாது. பணம் கட்டும் ஆப் ஓடிபி கேட்டது, ஊர் சிம்முக்கு அது வரவேயில்லை. 100 யுவான் தாளை டோக்கன் மிஷின் துப்பிவிட்டது.

நான் கூப்பிடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நீங்களாக வந்தீர்கள். போனில் டிக்கெட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினீர்கள். உங்கள் போனைக் காட்டி டோக்கன் எடுத்து, அந்தப் பச்சை வில்லையை என் உள்ளங்கையில் வைத்து மூடினீர்கள். பிறகு பாஸ்போர்ட் உறைமேல் பேனாவால் ஓர் எழுத்து போட்டு "நான், நான்" என்றீர்கள். உங்களைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்! சீனத்தில் 'நான்' என்றால் தெற்காம்.

நீட்டிய 100 யுவானை வாங்கவில்லை. இரண்டாம் லைன் படிக்கட்டு வரை வந்து, விரலால் திசை காட்டிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். ரயில் கிடைத்தது அக்கா. டோக்கன் காசு இன்னும் பாக்கி.

கண்காட்சிக்குப் போகும் திருப்பூர் நண்பர்களே, அங்கே அவரைப் பார்த்தால் இதை மொழிபெயர்த்துக் காட்டுங்கள்.