கொடை மேடை ஏறப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். சீட்டுக்கட்டில் சிவப்பும் கறுப்பும் இப்போது பளிச்சென்று தெரிகின்றன.

ஆடி மாதம் தென்காசிப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேஜிக் ஷோ ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் செய்தவன் நீ. கொடை மேடை வேறு மாதிரி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் எதிரி காற்று. அந்த மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பட்டுக் கைக்குட்டை ஒன்றுகூட உன் கையில் நிற்காது. கயிறு, இரும்பு வளையங்கள், பெரிய டப்பாக்கள் போதும். மேஜை விரிப்பின் ஓரத்தில் இரும்பு வாஷர்களைத் தைத்துக்கொள். குற்றாலத்துச் சாரல் அங்கேயும் வரும். சீட்டு நமத்துவிடும், கயிறு நனைந்து கனக்கும். மூடி போட்ட தகர டப்பாவில் இன்னொரு செட் இருக்கட்டும். காற்றும் ஓலைப்பந்தலும் சேர்ந்த இடத்தில் நெருப்பு ஐட்டம் வேண்டவே வேண்டாம். கமிட்டிக்காரர்கள் கேட்டாலும் மறுத்துவிடு.

சாயங்காலம் நாலு மணிக்கே போய்விடு. மேஜையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்து பார். பையன்கள் மேடைக்குப் பின்னால் தட்டி இடுக்கு வழியாகவும் பார்ப்பார்கள். முதுகுப் பக்கம் கறுப்புத் துணி கட்டாமல் ஆரம்பிக்காதே. பின்னால் டியூப்லைட் எரிந்தால் உன் நிழலே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். மைக் செட் தம்பியிடம் எந்த ஐட்டத்துக்கு எந்தப் பாட்டு என்று தாளில் எழுதிக் கொடு. நமக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் ஸ்டாண்ட் மைக்கா, சட்டையில் குத்துகிற மைக்கா என்று முன்பே பேசிவிடு.

நேரத்தை மட்டும் நம்பாதே. ஏழு மணி என்பார்கள், ஒன்பதாகும். பக்கத்தில் வில்லுப்பாட்டு நடக்கும். யாருக்காவது சாமி வந்துவிட்டால் நீ கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும், அது அவர்களுடைய இரவு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருப்பதால் போலீஸும் வந்து நிற்கும். இருபது, நாற்பது, அறுபது நிமிஷம் என்று மூன்று அளவில் ஷோவைத் தயார் செய். மூன்றிலும் கடைசி ஐட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். மீதிப் பணத்தை மேடையேறும் முன் வாங்கிவிடு. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரித்துக் கொடுக்கிற பணம் அது, பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்காதே.

சரி, முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு.

புனல் ஐட்டம் உனக்குத் தெரியும். மேடைக்கு வந்தவனின் கையைப் பம்பு மாதிரி ஆட்டினால் புனல் வழியாகத் தண்ணீர் கொட்டும். நம் ஊர் மேடைகளில் அந்தப் புனலை எங்கே பிடிப்பார்கள் என்பதும் தெரியும். நானும் அப்படித்தான் பிடித்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை மேடைக்கு அழைத்து அவன் டவுசருக்கு முன்னால் பிடித்தேன், ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை அன்று என் வெற்றி என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் கழித்து அதே ஊருக்குப் போனபோது டீக்கடையில் ஒரு இளைஞனை 'புனல்' என்று கூப்பிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதற்கப்புறம் புனலை முழங்கைக்குக் கீழேதான் பிடிக்கிறேன். சிரிப்பு கொஞ்சம் குறைவுதான். மேடைக்கு வருகிறவன் நாம் போன பிறகும் அந்த ஊரில் வாழ வேண்டும் சேகர். அவன் கையால் கயிற்றை முடிச்சுப் போட வை, அவனே அவிழ்த்த மாதிரி செய், ஊரை அவனுக்குக் கைதட்ட வை.

இன்னொன்று, கோயில் வாசலில் வெறுங்கையில் விபூதி வரவழைக்காதே. ஷோ முடிந்ததும் யாராவது ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இவனுக்கு ஏதாவது மந்திரிச்சுத் தாங்கய்யா' என்று நிற்பாள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. 'இது கைப்பழக்கம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிடு.

அப்புறம், வங்காளத்து மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் தன் ஷோ முழுக்க இடையிடையே, காலியாகிவிட்டது என்று நினைத்த ஒரு செம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாரே, 'வாட்டர் ஆஃப் இந்தியா', அதைக் கட்டாயம் வைத்துக்கொள். கொடையில் கூட்டம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். பாதியில் வந்தவனுக்கும் அது புரியும், காற்றும் அதை ஒன்றும் செய்யாது. நாம் இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய செம்பு என்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். போகிற வழியில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
முருகேசன்