ஈய ரயில் ஓடிய வழியில் நம் பிள்ளைகள்: மிதிவண்டியை இந்த வாரமே பாருங்கள்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை அடுத்த சனிக்கிழமை தைப்பிங்கிற்கு அழைத்துச் செல்கிறோம். தைப்பிங்கைச் சுற்றியுள்ள லாருட் வட்டாரச் சுரங்கங்களின் ஈயத்தை (வெள்ளீயத்தை) கப்பலேற்ற, 1885 ஜூன் 1ஆம் தேதி மலாயாவின் முதல் ரயில் பாதை அங்குதான் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 8 மைல். போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செப்பேத்தாங். தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் தைப்பிங் போய், ஏரிப் பூங்காவைச் சுற்றி நடப்போம். அதுவும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம்தான். பிறகு மாத்தாங்கிலிருந்து கோலா செப்பேத்தாங் வரை மட்டும் மிதிவண்டி. சாலையில் லோரிகள் வரும். ஆகவே இடப்புறமாக ஒற்றை வரிசையில்தான் போவோம். முன்னும் பின்னும் ஆசிரியர் வண்டி வரும்.

கடலோரச் சமவெளி என்பதால் மேடே இல்லை. சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கம் இல்லாத வழியில் காலுக்கு ஓய்வே கிடையாது, விடாமல் மிதிக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் சில கிலோமீட்டரிலேயே முழங்கால் வலிக்கும். பிள்ளை சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம்.

பிரேக் கட்டையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ரப்பரில் உள்ள கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கட்டை ரிம்மில் பட வேண்டும். டயரில் உரசினால் பக்கச் சுவரை அறுத்துவிடும். பிரேக் பிடியை முழுவதும் அழுத்தியும் அது கைப்பிடியைத் தொடக்கூடாது. தொட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். டயருக்கு இரவில் காற்றடித்துக் காலையில் அமுக்கிப் பாருங்கள். இறங்கியிருந்தால் டியூபில் சிறு ஓட்டை இருக்கும், அல்லது வால்வு கசியும். வழியில் நிற்பதைவிட வீட்டிலேயே ஒட்டிவிடுவது நல்லது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டபின் மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரமாக விட்டால் மண் ஒட்டிக்கொள்ளும்.

மிதிவண்டிகளை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். லோரியில் ஏற்ற வேண்டும்.

தலைக்கவசம் கட்டாயம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி போதும். பின்னால் சாய்ந்திருந்தால் நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை. காலணி அணியட்டும், சிலிப்பர் வேண்டாம். கயிற்று முனையை உள்ளே செருகச் சொல்லுங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், பிற்பகலில்தான் பெரும்பாலும் கொட்டும். அதனால் நண்பகலுக்குள் மிதிவண்டிப் பயணத்தை முடித்துவிடுவோம். அதற்குமுன் மழை பிடித்தால் ஒதுங்கி நிற்போம், ஏனெனில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள், பையில் வைக்காதீர்கள். மிதிவண்டி இல்லாதவர்களும், இன்னும் ஓட்டிப் பழகாதவர்களும் தயங்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஆசிரியர் வண்டியில் வந்து, கோலா செப்பேத்தாங்கில் எங்களோடு சேர்ந்து நடக்கலாம். அனுமதிக் கடிதம் புதன்கிழமைக்குள் வர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்