அது கெஸல் அல்ல, ஹெரால்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வாசகர்களின் பழைய வாகனங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் வலது ஓரம், மூன்று பத்தி அகலத்தில் வந்த வெளிர் நீலக் கார் என்னுடையது. கீழே 'ஸ்டாண்டர்டு கெஸல்' என்று இருக்கிறது. அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1970-இல் அப்பா வாங்கியது. கெஸல் சந்தைக்கு வந்ததே 1972-இல்தான்.

திருத்தம் போடச் சொல்லி இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் தவறு உங்கள் உதவி ஆசிரியருடையது அல்ல, என்னுடையது. நான் அனுப்பிய படத்தில் காரின் பெயரைப் படிக்கவே முடியாது. ஹெரால்டும் கெஸலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மங்கலான படத்தில் யாருக்கும் குழப்பம் வரும். அந்தப் படம் ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் நிற்கும் பழைய வண்டியைப் பிரித்து வேலை பார்க்க யாராவது கிளம்பியிருந்தால், நட்டு கழற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும்.

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் பெயரில் வந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. நம் ஊரில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்தது. 948 சிசி எஞ்சின். பானட்டைத் திறந்தால் முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். எஞ்சினைச் சுற்றி முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இன்னொரு விசேஷம், பாடி ஒரே துண்டு இல்லை. தனியாக ஒரு சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன் மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. பிரிப்பது சுலபம். சேர்ப்பது எப்படி என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

2019 ஜூனில் காரைப் புதுப்பிக்கப் பிரித்தோம். தபால் துறையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். எதையும் பதிவு செய்து வைப்பது கைப்பழக்கம். ஒவ்வொரு நட்டு கழற்றும்போதும் போனில் படம். மொத்தம் 1,100 சொச்சம். ஒவ்வொன்றும் 4000-க்கு 3000 பிக்சல் (படத்தை ஆக்கும் சின்னப் புள்ளிகள்), ஏறக்குறைய 4 எம்.பி. போன் நிரம்பியதும் மருமகன் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் ஊரடங்கு வந்தது. டிங்கரிங் கடை பூட்டு. பெயின்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எனக்குப் பொழுது போகவில்லை. கணினியில் இடம் குறைகிறது என்று ஒரு எச்சரிக்கை வர, ஒரே அமுக்கில் எல்லாப் படத்தையும் சின்னதாக்கும் ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். அகலம் 640 என்று கொடுத்தேன். திரையில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பவும் வசதி. பழைய கோப்புகளுக்கு மேலேயே எழுதிவிடலாமா என்று அது கேட்டது. ஆம் என்றேன். 36 வருடம் அசலையும் நகலையும் தனித்தனிக் கட்டாக வைத்தவன், வீட்டுக் காரியத்தில் அசலை நானே கிழித்துப் போட்டேன்.

மிச்சமான இடம் எவ்வளவு? 4 ஜி.பி. சொச்சம். சில நூறு ரூபாய் பென் டிரைவில் அடங்குகிற சமாச்சாரம். காருக்கு வாங்கிய பிரைமர் டப்பாவே அதைவிட விலை அதிகம்.

2021-இல் பாடியை ஏற்றும்போதுதான் உறைத்தது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் என்பார்கள், எங்கள் மேஸ்திரிக்கு அது 'சிம்மு'. ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று. அதை வைத்துத்தான் கதவு இடுக்கு நேராக நிற்கும். கழற்றும்போது மேஸ்திரி கேட்டார், எழுதி வைக்கலாமா என்று. போட்டோ இருக்கே என்றேன். அந்தப் போட்டோவைத் திரையில் பெரிதாக்கினால் போல்ட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மசங்கல். தகடு இரண்டா, மூன்றா? மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பார்த்தேன். என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவள், "இது போல்ட்டா?" என்றாள். கதவு நான்கும் சரியாக மூட 9 நாள் ஆயிற்று.

ஒயரிங் இன்னும் மோசம். இந்தக் காரில் ஒயர்கள் லூகாஸ் என்ற ஆங்கிலேய மின்சாதன நிறுவனத்தின் நிற முறையில் ஓடுகின்றன. இடது இண்டிகேட்டருக்குப் பச்சையில் சிவப்புக் கோடு. வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. பிரேக் லைட்டுக்குப் பச்சையில் ஊதாக் கோடு. 50 வருட எண்ணெயும் தூசியும் ஏறிய ஒயரில் அந்தக் கோடு ஏற்கெனவே மயிரிழை. மூலப்படத்தில் ஒயர் 18 பிக்சல் அகலம், கோடு 3 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 640-க்குச் சுருக்கிய பின் ஒயர் 3 பிக்சல்தான். கோடு அரை பிக்சல். அரை பிக்சலை எங்கே பார்ப்பது? போதாததற்கு, ஜேபெக் என்ற கோப்பு முறையில் படத்தைச் சேமிக்கும்போது நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுவது வழக்கம். நம் கண் வெளிச்சம், இருட்டைப் பிரித்துப் பார்க்கிற கூர்மையில் நிறத்தைப் பார்க்காது என்பதால் இந்தச் சிக்கனம். முகங்களுக்கும் கோயில் கோபுரத்துக்கும் சரி, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒயருக்கு? என் படத்தில் பச்சை ஒயர் எல்லாம் வெறும் பச்சை.

எலக்ட்ரீஷியன் ஒரு ஊகத்தில் மாட்டினார். பேட்டரி இணைத்து இடது இண்டிகேட்டர் போட்டேன். பின்னால் நின்றவர் "வலது அடிக்குது சார்" என்றார். வலது போட்டேன். "இப்ப இடது." பிரேக்கை மிதித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, எட்டிப் பார்த்தால் மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

காப்பாற்றியது எங்கள் டிங்கரிங் கடைக்காரர். ஆரம்பத்தில், துரு அரித்த இடங்களைக் காட்ட அவருக்கு ஒரு பென் டிரைவில் 212 படங்கள் போட்டுக் கொடுத்தது எனக்கே மறந்துவிட்டது. கேட்டதும் கடையில் பாட்டுப் போடும் டேப்பில் செருகியிருந்த அந்தப் பென் டிரைவை உருவிக் கொடுத்தார். பழைய பாட்டுகளுக்கு நடுவே என் 212 படங்களும் சிந்தாமல் சிதறாமல், ஒவ்வொன்றும் 4 எம்.பி.யோடு இருந்தன. டேஷ்போர்டுக்குப் பின்னால் எடுத்த இரண்டு படம் அதில் இருந்தது தற்செயல்தான். சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் பளிச்சென்று தெரிந்தன. மீதி 900 படம் போனது போனதுதான். நீங்கள் வெளியிட்டதும் அந்த 900-இல் ஒன்று. அதிலும் பின்னால் தெரிந்த கொடிக்கயிற்றையும் வேட்டியையும் வெட்டித்தான் அனுப்பினேன். மிஞ்சியது 480 பிக்சல். செய்தித்தாளில் ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளியாவது இருந்தால்தான் படம் சுத்தமாக விழும் என்று அச்சகத்தில் இருக்கும் நண்பர் சொல்கிறார். அந்தக் கணக்கில் என் படத்தை இரண்டரை அங்குலத்துக்கு மேல் போட்டிருக்கவே கூடாது.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'அசல்' என்று ஒரு கோப்புறை. அதில் யாரும் எதையும் வெட்டுவதில்லை, சுருக்குவதில்லை, திருப்புவதுகூட இல்லை. பக்கத்தில் 'நகல்' என்று இன்னொன்று. பார்க்கக் கேட்பவர்களுக்கு அதிலிருந்து 1600 பிக்சலில். அரை எம்.பி.கூட வராது, போன் திரைக்கு அது தாராளம். கோப்பின் பெயரில் முதலில் தேதி, பிறகு இடம்: '2021-03-09 பின் வலது கதவு கீழ் கீல்' என்கிற மாதிரி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைந்துவிடுகிறது. எடுத்த தேதி, நேரமும் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரில் 'டபிள்யூஏ' என்று இருந்தால் அது அசல் இல்லை, வாட்ஸ்அப் வழி வந்தது என்று அர்த்தம். 2023-இலிருந்து ஹெச்டி என்று ஒரு வசதி உண்டு. அதுவும் சுருக்கும், கொஞ்சம் கருணையோடு. மெக்கானிக்குக் காட்ட வேண்டிய படம் என்றால் நான் டாக்குமென்ட் என்ற வழியில்தான் அனுப்புகிறேன். அப்படியே போய்ச் சேரும்.

அப்படியே போய்ச் சேருவதில் ஒரு வினையும் உண்டு. போன வருடம் ஒரு நாள் காலை முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, "ஹெரால்டு இங்கதானே? குடுக்கிற ஐடியா இருக்கா?" என்றார். முகவரி எப்படிக் கிடைத்தது என்றால், யாரோ அவருக்குத் தள்ளிவிட்ட என் படத்துக்குள்ளேயே இருந்ததாம். போன் கேமரா எடுத்த இடத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறது. காபி கொடுத்து அனுப்பினேன். அன்றே கேமராவில் இருப்பிடத்தை அணைத்துவிட்டேன். ஆர்.சி. புத்தகப் படத்தைக் கண்ட இடத்தில் போடுவதும் அன்றோடு நின்றது.

அசலுக்கு மூன்று பிரதி. ஒன்று கணினியில். ஒன்று ஹார்டு டிஸ்கில். அது தஞ்சாவூரில் தங்கை வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளோடு இருக்கிறது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப் படங்களைச் சேர்த்துவிட்டு வருவேன். மூன்றாவது கூகுள் கணக்கில். அங்கே 2021 ஜூனிலிருந்து ஏற்றுகிற படமெல்லாம் மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜி.பி. கணக்கில் விழும், ஏற்றும்போது அசல் தரம் என்று தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கேயும் சுருக்கம்தான். இன்னொன்று, போனில் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் கூகுள் கணக்கில் இருப்பதும் சேர்ந்து போகும். 60 நாள் குப்பைக்கூடையில் கிடக்கும், அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரன் போனைச் 'சுத்தம்' செய்து கொடுத்தபோது தெரிந்துகொண்டேன். மேகத்தில் (கிளவுடில்) இருக்கிறது என்று கால் நீட்டிப் படுக்க முடியாது.

இந்தப் படங்களை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். 50 வருடம் தாண்டிய வாகனங்களை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் பெயின்ட் அடித்த பிறகு வண்டியைப் பார்க்கிறவருக்கு உள்ளே இருப்பது அதே பழைய தகடுதான் என்று எதைக் காட்டி நம்பவைப்பது? பெயின்டுக்கு முன் எடுத்த படம் ஒன்றுதான் சாட்சி. சேஸிஸ் எண்ணைத் துருவைத் துடைத்து எடுத்த படம் அந்த 212-இல் இல்லை. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, படத்தை வாட்ஸ்அப்பில் கேட்காமல் மின்னஞ்சலில் இணைப்பாகக் கேளுங்கள். அகலம் குறைந்தது 1200 பிக்சல் என்று ஒரு வரியும் போடுங்கள். உங்களுக்குத் திருத்தம் போடும் வேலை மிச்சம்.

இதனுடன் இரண்டு படங்கள் மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். முதல் படம் இந்தத் திங்கட்கிழமை காலை எடுத்தது, 4000 பிக்சல், எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். பெயர் எழுத்தாவது தெரிகிற மாதிரி வெட்டுங்கள். இரண்டாவது, கார் வந்த வாரம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆல்பத்தில் இருந்த மூன்றரைக்கு ஐந்து அங்குலப் பிரதியை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தது. அப்பா பானட்டில் கை வைத்து நிற்கிறார். பக்கத்தில் டிரவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் நான்தான். அதைப் படக்குறிப்பில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவானைக்காவல், திருச்சி